மறைந்த புதையலா, மறைக்கப்பட்ட புதையலா?
கறுப்பு அமெரிக்கச் சைகைமொழி ஆய்வு: ஒரு திறனாய்வு

கறுப்பு அமெரிக்கச் சைகைமொழியைக் குறித்துக் கேரலின் மெக்காஸ்கில், சீல் லூகாஸ், ராபர்ட் பேலி, ஜோசப் ஹில் ஆகிய நால்வர் எழுதிய நூலைக் காலடெட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. அம்மொழி வகையைப் புதையல் எனச் சுட்டும் தலைப்பைத் தமிழாக்க முற்படுவோர்க்கு முதற்சொல்லே இடர் தரும். ஆங்கில எச்சம் வினைமுதலைக் கூறாது விடுகின்றது. தமிழிலோ 'மறைந்த', 'மறைக்கப்பட்ட' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். இத்தெரிவு இலக்கணச் சிக்கல் மட்டுமன்று. நூலின் மையப்பொருளோடு பிணைந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வட கரோலினாவின் ராலே நகரில் 1869இல் காது கேளாத கறுப்பினக் குழந்தைகளுக்கெனத் தனிப்பள்ளி தொடங்கப்பெற்றது. தென்மாநிலங்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றின. இனவாரிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்த பின்னரும், லூசியானாவில் இப்பிரிவினை 1978 வரை நீடித்தது. 1880ஆம் ஆண்டு மிலான் மாநாட்டிற்குப்பின் வெள்ளையர் பள்ளிகளில் சைகை விலக்கப்பட்டு, பேச்சுப்பயிற்சி வலியுறுத்தப்பட்டது. கறுப்பினப் பள்ளிகளில் அவ்வழுத்தம் குறைவாக இருந்தமையால், அங்குச் சைகை வகுப்பறை மொழியாகத் தொடர்ந்தது. இது சலுகை அன்று. புறக்கணிப்பின் எதிர்பாரா விளைவு எனலாம்.

இவ்விளைவை மொழிக்கூறுகளில் காணலாம். ஆறு மாநிலங்களில் திரட்டிய தரவுகளை நூலாசிரியர்கள் ஆராய்ந்துள்ளனர். கறுப்பினத்தவர் இரு கைகளாலும் சைகை செய்தல் மிகுதி; சைகைவெளி அகன்றது; நெற்றியருகே செய்யவேண்டியவற்றைக் கீழிறக்கிச் செய்தல் குறைவு. இவை பெரும்பாலும் பழைய, முழுமையான வடிவங்களாகும். ஆயினும் முதியோர் சிலர் தம் சைகையினும் வெள்ளையர் சைகையே சிறந்ததெனக் கருதியமையை நூல் பதிவு செய்கின்றது. மெக்காஸ்கில் அவர்களே 1968இல் அலபாமாவில் இனக்கலப்புப் பள்ளிக்கு மாறியபோது, ஆசிரியர்களின் சைகையை விளங்கிக்கொள்ள இயலாது திகைத்தவர். மாறவேண்டியவர் மாணவரே என்றுதான் அன்று கருதப்பட்டது.

இங்கு இருவகை இழிவுகள் ஒன்றுகூடுகின்றன. பேச்சில்லாதார்க்கு மொழியில்லை என்பது ஒன்று. கறுப்பினத்தவர் மொழி பிழையுடையது என்பது மற்றொன்று. முன்னதை மறுக்கும் மொழியியல் சான்றை ஸ்டோக்கோ 1960இலேயே தந்தார். 1965இல் வெளிவந்த சைகைமொழி அகராதியில் குரோன்பெர்க் கறுப்பினத்தவர் சைகையின் வேறுபாட்டைச் சுட்டினார். சான்று இருந்தும் மனப்பாங்கு மாறவில்லை. எனவே, விளக்க ஆய்வு மட்டும் போதாது. சமூகக் கல்வியும் வேண்டும். காது கேளாதோரிடையே இனவெறுப்பைக் குறித்தும், கேட்கும் கறுப்பினத்தவரிடையே சைகைமொழியைக் குறித்தும் ஒருங்கே பேசும் கல்வியாக அஃது அமைய வேண்டும். நூலுடன் ஒளிப்படத் தட்டினை இணைத்தமை இவ்வகையில் பாராட்டுக்குரியது. அம்மொழி வகை சைகைமொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் பாடமாகும்போதே இம்முயற்சி நிறைவுறும்.

நம் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் பங்குண்டு. 'ஊமை மொழி' என்னும் வழக்கு முதல்வகை இழிவைத் தமிழில் அப்படியே சுமந்து வருகின்றது. 'சைகைமொழி' என்பதே தக்கது. 'நீக்ரோ' என்பது பழைய பள்ளிப்பெயர்களில் வரின் மேற்கோள் குறியிட்டு நிறுத்தலாம். மொழிபெயர்ப்பாளர் தம் கூற்றில் 'கறுப்பினத்தவர்' என்றே எழுதுதல் வேண்டும்.

தலைப்பிற்கு மீள்வோம். 'மறைந்த' என்பது தன்வினை. தானே மறைந்தது எனப் பொருள்படும். 'மறைந்த தலைவர்' என்பதுபோல இறந்துபட்டது என்னும் பொருளும் தோன்றும். இம்மொழி வகையோ இன்றும் வழங்குகின்றது. அதனைக் கையாள்வோர்க்கு அஃது ஒருநாளும் மறைந்திருந்ததில்லை. ஆகவே 'மறைக்கப்பட்ட' என்பதே பொருந்தும். எனினும் செயப்பாட்டு வினையும் மறைத்தவர் யாரெனக் கூறாது. அவ்வெழுவாயைச் சட்டத்திலும் பள்ளியிலும் நம் துறையின் நெடுநாள் மௌனத்திலும் தேடிக்காட்டுவதே இந்நூலைக் கற்பிப்போர் கடமையாகும்.