பிரம்பு பின்னிய நவீனம்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ரோத்தான் என்னும் பெயருடைய சந்து ஒன்று உண்டு. மலாய் மொழியில் அச்சொல் பிரம்பைக் குறிக்கும். மாணாக்கர்க்கு ஆசிரியரின் கைப்பிரம்பே முதலில் நினைவுக்கு வரும். ஆயின் போர்னியோ, சுமத்திராக் காடுகளின் பிரம்பு இத்துறைமுகத்தில் தரம் பிரிக்கப்பெற்று ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய காலமும் இருந்தது. 1928இல் மார்செல் புரூயர் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தபோதும், இருக்கைக்குப் பிரம்புப் பின்னலையே நாடினார்.

அதே ஆண்டில் லெ கொர்புசியே, பியேர் ழான்னரே, சார்லட் பெரியான் ஆகிய மூவரும் எஃகுக் குழாயாலான சாய்வு நாற்காலி ஒன்றை வடிவமைத்தனர். நவீன அறைகலனின் சின்னமாகிவிட்ட அதனை உலகம் நெடுங்காலம் கொர்புசியே ஒருவரின் படைப்பாகவே பேசிற்று. பின்வரிசையில் நிறுத்தப்பட்ட ழான்னரே, 1951இல் சண்டிகர் நகரை எழுப்ப இந்தியா வந்தார். கொர்புசியே அவ்வப்போது வந்து சென்றார். ழான்னரேயோ 1965 வரை அங்கேயே தங்கினார்.

புதிய நகரின் அலுவலகங்களுக்கு நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன. எஃகில் பெயர்பெற்ற ழான்னரே தேக்கையும் பிரம்பையும் எடுத்துக்கொண்டார். அவை கைக்கெட்டியவை, அவற்றை ஆளத் தெரிந்த தச்சரும் உள்ளூரிலேயே இருந்தனர். கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற கால்கள். அவற்றின் உச்சியில் கைப்பிடி. இடையில் காற்றோட்டமான பின்னல். முதற்பார்வைக்குக் கால்கள் சற்றுத் தடித்தே தோன்றும். நளினம் தேடுவோர் இதனை முரட்டு வேலை என்பர். அத்தடிப்பே இதன் அறிவு. மரத்தின் வலிமை நிலைக்க, பிரம்பு மட்டும் நைந்துபோகும். நைந்ததை மீண்டும் பின்னிக்கொள்ளலாம். தாழ்ந்து சாய்ந்த ஓய்வு நாற்காலியில் இப்பொருத்தம் இன்னும் தெளிவு. வியர்க்கும் முதுகுக்குத் தோலுறையினும் பிரம்பே இதம் என்பதைச் சிங்கப்பூர்வாசிக்கு விளக்க வேண்டியதில்லை.

பின்னிக்கொள்ளலாம் என்றாலும் பின்னவில்லை. பழுதுபட்ட நாற்காலிகள் மொட்டைமாடிகளில் குவிந்தன. கழிவுப்பொருளாய் ஏலம் போயின. ஐரோப்பிய வணிகர் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு, மேலைநாட்டு ஏலங்களில் பெரும்பொருளுக்கு விற்றனர். 2011இல் இந்திய உள்துறை அமைச்சு விற்பனையைத் தடுத்து ஆணையிட்டது. எனினும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டு நிறையாத நாற்காலி தொல்பொருளாகாது. வெளிநாட்டு ஏலங்கள் நிற்கவில்லை. வாங்கியவரைக் குறைகூறுவது எளிது. எறிந்தவர் கண்ணுக்கு அது வெறும் உடைந்த நாற்காலியாகப் பட்டதெப்படி என்பதே கடினமான வினா.

மற்றொரு குறையும் உண்டு. ஏலப் பட்டியல்களில் ழான்னரேயின் பெயர் பெரிதாய் விளங்குகிறது. உடன் உழைத்த கட்டடக் கலைஞர் ஊர்மிளா யூலி சௌத்ரியின் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது. பாரிசில் தமக்கு நேர்ந்தது, ழான்னரேயின் பெயராலேயே பிறர்க்கும் நேர்ந்துவிட்டது. ஒரே வகை நாற்காலிகள் பல பட்டறைகளில் உருவானமையால், ஒன்றன் அளவு மற்றொன்றோடு முற்றும் ஒவ்வாது. அவ்வேறுபாட்டில் செய்த கைகள் தெரிகின்றன, பெயர்கள் தெரியவில்லை. நாற்காலியின் முதுகில் எழுத்தர் எவரோ வெள்ளைச் சாயத்தால் இட்ட இருப்புக் குறியீடு மட்டும் எஞ்சியுள்ளது. இன்று ஏலதாரர் மெய்ம்மைக்குச் சான்றாகத் தேடுவது அந்த அலுவலகக் கிறுக்கலைத்தான்.