கையும் கண்ணும்: ‘தி ஆர்டர்: 1886’ விளையாட்டும் அதன் வருகைக்கு முன்னெழுந்த விவாதமும்

ஒரு படைப்பு வெளிவந்த பின்னரே அதனைப் பற்றிய திறனாய்வு தோன்றும் என்பது நூலுலகின் வழக்கம். வீடியோ விளையாட்டு உலகில் இம்முறை பெரிதும் தலைகீழாக அமைந்துள்ளது. அங்குப் படைப்பைக் கண்டவர் எவருமில்லாத நிலையிலேயே அதன் தகுதி பற்றிய வழக்காடல் தொடங்கிவிடுகிறது. படைப்பு வந்து சேரும்பொழுது தீர்ப்பு ஏறத்தாழ எழுதி முடிக்கப்பட்டிருக்கும். இந்நிலைக்குத் தக்க சான்றாக அமைவது, அமெரிக்காவின் ‘ரெடி அட் டான்’ நிறுவனம் சோனியின் சாண்டா மோனிகா பிரிவுடன் இணைந்து உருவாக்கிய ‘தி ஆர்டர்: 1886’ என்னும் விளையாட்டாகும். 2013 ஜூன் திங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற இ3 கண்காட்சியில் இதன் முன்னோட்டம் காட்டப்பட்டது. 2014இல் வெளிவருமென எதிர்பார்க்கப்பட்டுப் பின் தள்ளிவைக்கப்பட்டு, 2015 பிப்ரவரி 20ஆம் நாள் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கென வெளியாயிற்று. இடைப்பட்ட இருபது திங்கள்களில் இதனைப் பற்றிப் பேசப்பட்டவை மிகப் பல. அவற்றுள் பேசப்படாது போன ஒன்று உண்டு. இந்தியச் சூழலில் அதுவே முதன்மையாகக் கருதத்தக்கது.

விளையாட்டின் கதைக்களம் கற்பனையான ஒரு லண்டன். ஆர்தர் மன்னனின் வட்டமேசை வீரர் மரபு அறாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்து வந்துள்ளது என்பது கதையின் அடிப்படை. ‘கருநீர்’ என்று பொருள்படும் ஒரு மருந்தினால் அவ்வீரர் நெடுங்காலம் வாழ்கின்றனர். பாதி மனிதரும் பாதி விலங்குமான ஓநாய் மாந்தரை எதிர்த்துப் போரிடுவது அவர்தம் கடமை. கதைத்தலைவன் கலஹாட். நகரில் கிளர்ச்சியாளர் சிலர் தலையெடுக்கின்றனர். அவர்களை ஒடுக்க வீரர்கள் அனுப்பப்படுகின்றனர். அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குபவர் யாரென்பது பின்னர்ப் புலப்படுகிறது. அவர் ஜான்சி ராணி லட்சுமிபாய்.

அளவு பற்றிய வழக்குகள்

வெளியீட்டுக்கு முன்னெழுந்த வாதங்களை நோக்கின், அவை யாவும் அளவு என்னும் ஒன்றைச் சுற்றியே நிகழ்ந்தன எனலாம். திரைப்படத்தின் அகன்ற சட்டகத்தைப் பின்பற்றி இவ்விளையாட்டின் படம் 2.40:1 என்னும் விகிதத்தில் அமைக்கப்பட்டது. இதனால் திரையின் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் தோன்றும். 1920க்கு 1080 பிக்சல் கொண்ட திரையில் படம் 1920க்கு 800 என்னும் அளவினை மட்டுமே நிரப்பும். கலைத்தேவை கருதியே இவ்வாறு செய்யப்பட்டது என்பது உருவாக்கியோரின் வாதம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிக்சல்களை வரையாது விடுவதால் கருவியின் சுமை குறைகிறது. அதற்கே கலை என்னும் பெயர் சூட்டப்படுகிறது என்பது எதிர்ப்போரின் வாதம். நொடிக்கு 30 சட்டகம் என்னும் வேகம் பற்றியும் இவ்வாறே பூசல் எழுந்தது. திரைப்படத்தின் வேகமாகிய 24 ஆடுவோர் கைக்கு இயல்பாக இராது எனக் கருதியே 30 தேர்ந்துகொள்ளப்பட்டதென இயக்குநர் தரப்பு விளக்கியது. 60 சட்டகம் வேண்டுமென்போர் அதனை ஏற்கவில்லை. நொடிக்கு 48 சட்டகத்தில் 2012இல் திரையிடப்பட்ட ‘தி ஹாபிட்’ படத்தைக் கண்டு, திரைப்படம்போல் இல்லை என்று குறைகூறியோர் இருந்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஓர் ஊடகத்தில் குறையெனப்பட்டது மற்றோர் ஊடகத்தில் உரிமையாகக் கோரப்பட்டது.

இவ்விரண்டினும் கடுமையாக அமைந்தது கால அளவு பற்றிய வழக்கு. வெளியீட்டுக்குச் சில நாள்கள் முன்னர், விளையாட்டு முழுவதையும் ஐந்து மணி நேரத்திற்குச் சற்று மிகுதியான பொழுதில் ஆடி முடித்த பதிவு யூடியூபில் வெளியாயிற்று. அதிலும் கணிசமான பகுதி, ஆடுபவர் ஏதும் செய்யவியலாது பார்த்திருக்க வேண்டிய இடைக்காட்சிகள். அமெரிக்காவில் இதன் விலை 60 டாலர். பிறருடன் இணைந்து ஆடும் வசதியும் இல்லை. ஒரு மணிக்கு இத்தனை டாலர் என்னும் கணக்கு உடனே போடப்பட்டது. நிறுவனத்தாருள் முதன்மையானவரும் படைப்பு இயக்குநருமான ரூ வீரசூரிய, அவ்வளவு குறுகிய நேரத்தில் முடித்தல் இயலாதென்றும், குறுகிய விளையாட்டுகளுக்கும் நெடிய விளையாட்டுகளுக்கும் தனித்தனி இடமுண்டு என்றும் மறுமொழி கூறினார்.

தம் வருவாயில் ஒரு பகுதியைச் செலவிடுபவர் தமக்குக் கிடைப்பதென்ன என வினவுவதில் தவறில்லை. ஆயின், நீளம் ஒரு படைப்பின் தகுதியை அளக்குமா என்பது வேறு வினா. தமிழ்த் தொகை நூல்கள் அடியளவு கொண்டு தொகுக்கப்பட்டவை. 4 முதல் 8 அடிவரை அமைந்தவை குறுந்தொகையாகவும், 9 முதல் 12 வரை அமைந்தவை நற்றிணையாகவும், 13 முதல் 31 வரை அமைந்தவை அகநானூறாகவும் தொகுதி பெற்றன. அடியளவு தொகுத்தோர்க்குப் பயன்பட்டது. குறுந்தொகைப் பாட்டு அகநானூற்றுப் பாட்டினும் தாழ்ந்ததென அவ்வளவினைக் கொண்டு எவரும் கூறினாரில்லை. ஆகவே ‘ஐந்து மணி’ என்னும் குற்றச்சாட்டு, விற்பனைப் பொருள் பற்றிய முறையீடாக நிற்குமேயன்றித் திறனாய்வாக நிற்பதில்லை. வீரசூரியவின் மறுமொழியும் இவ்வளவில் சரியானதே. எனினும் அதுவும் நீளத்தைப் பற்றிய மறுமொழியாகவே முடிந்தது. அந்த ஐந்து மணியிலோ எட்டு மணியிலோ ஆடுபவரின் கை செய்வதென்ன என்று இரு தரப்பாரும் வினவவில்லை.

ஆடுவோனும் காண்போனும்

சுவை ஆடுவோனிடத்துத் தோன்றுமோ, காண்போனிடத்துத் தோன்றுமோ என்னும் வினா தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோரால் எழுப்பப்பட்டது. கூத்தில் இவ்விருவரும் வேறு வேறானவர். திரைப்படத்திலும் அவ்வாறே. வீடியோ விளையாட்டில் மட்டும் ஆடுவோனும் காண்போனும் ஒருவரே. இவ்வொருமையே இக்கலையின் தனித்தன்மை. ‘திரைப்படத் தன்மை’யை நாடும் விளையாட்டுகள் இவ்வொருமையைப் பிளந்து, சில பொழுது கைக்கும் சில பொழுது கண்ணுக்கும் எனப் பங்கிடுகின்றன.

இப்பங்கீடு புதிதன்று. 1983இல் வெளிவந்த ‘டிராகன்ஸ் லேர்’, டான் புளூத் வரைந்த அசைபடத்தை லேசர் தட்டில் ஏற்றி, உரிய கணத்தில் உரிய பக்கம் கோலை அசைப்பதையோ பொத்தானை அழுத்துவதையோ மட்டும் ஆடுபவர்க்கு விட்டது. 1999இல் யூ சுசுகியின் ‘ஷென்மு’ அம்முறைக்குப் புதிய வடிவும் பெயரும் தந்தது. காட்சி ஓடிக்கொண்டிருக்கத் திரையில் தோன்றும் குறியைக் கண்டு பொத்தானை அழுத்துவது அம்முறை. ‘தி ஆர்டர்: 1886’ தொடங்குவதே இவ்வாறுதான். சிறையில் நீருள் தலை அமிழ்த்தப்பட்டு வதைக்கப்படும் கலஹாட் மூச்சுக்குப் போராட, ஆடுபவர் பொத்தானை அழுத்துகிறார். அழுத்தும் கைக்கும் திணறும் உடலுக்கும் இடையே உறவொன்று பிறப்பதால் இத்தொடக்கம் சிறந்ததாகவே அமைகிறது. இறுதிச் சண்டையோ இதற்கு மாறானது. முன்னர் ஓர் ஓநாய் மாந்தனோடு பொருத முறையே மீண்டும் வருகிறது. கதையின் உச்சம் எனக் கருதப்படும் இடத்தில் கைக்குப் புதிதாக ஏதும் நிகழ்வதில்லை.

விமர்சகர் பலர் எள்ளி நகையாடிய ஒரு பகுதியை இவண் சுட்டுதல் வேண்டும். ஆடுபவர் ஒரு நிழற்படத்தையோ செய்தித்தாளையோ கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அதனால் வெற்றியும் இல்லை, புள்ளிகளும் இல்லை. ‘இது விளையாட்டா?’ என வினவியோர்க்கு இப்பகுதிகளே எளிய இலக்காயின. உண்மையில் கையும் கண்ணும் ஒன்றுசேரும் இடங்கள் இவையே. நிழற்படத்தைத் திருப்பினால் ஒளி அதன் தாளில் வழுக்கிச் செல்லும், பின்புறம் தெரியும். காண்பதும் செய்வதும் அங்கு ஒரே செயல். எடுத்துப் பார்த்த பொருள்களுட் பெரும்பாலானவை பின்னர்க் கதையில் பயன்படாமல் போவது குறையே. ஆயினும் மெதுவாக நடக்கும் இப்பகுதிகள் சுடும் பகுதிகளினும் உயிருள்ளவை.

லண்டனில் ஜான்சி ராணி

கதையின் நடுவே கலஹாட் ஓர் உண்மையை அறிகிறான். ‘ஐக்கிய இந்தியக் கம்பெனி’ என்னும் வணிக நிறுவனம் குருதி உண்ணும் பேய்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றுகிறது. அதன் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பிரபு தாமே அத்தகைய ஒருவர். கிளர்ச்சியாளரை ஒடுக்கியதன் வாயிலாக வட்டமேசை வீரர் இதுகாறும் காத்துவந்தது அக்கம்பெனியையே.

இக்கற்பனைக்குப் பின்னுள்ள வரலாறு இந்திய வாசகர் நன்கறிந்தது. டல்ஹௌசியின் வாரிசிழப்புக் கொள்கையால் 1854இல் ஜான்சி இணைக்கப்பட்டது. 1858 ஜூனில் குவாலியர்க்கு அருகே ராணி போரில் வீழ்ந்தார். அதே ஆண்டில் இந்தியாவின் ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் முடியாட்சிக்கு மாறியது. 1874இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. எனவே 1886இன் லண்டனில் இவ்விருவரும் இருத்தல் இயலாது. மறைந்து 28 ஆண்டுகளான ராணியையும் கலைந்து 12 ஆண்டுகளான கம்பெனியையும் ஒருங்கே எழுப்பி, ஜான்சியில் தொடங்கிய வழக்கைப் பேரரசின் தலைநகருக்கே கொண்டுவருகிறது இவ்விளையாட்டு. ஹேஸ்டிங்ஸ் என்னும் பெயரும் வாளா வைக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. முதல் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லண்டனில் 1788இல் தொடங்கிய விசாரணை, 1795இல் அவரது விடுதலையில் முடிந்தது.

ராணியின் பெயர் அவர்தம் இறப்புக்குப் பின் வேற்று நிலத்தில் எழுவது இது முதன்முறையன்று. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையிற் பிறந்த லட்சுமி சுவாமிநாதன். அப்படையில் சேர்ந்தோருள் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர். அங்கு அப்பெயரை ஏந்தியோர் தம் கையில் துப்பாக்கியையும் ஏந்தினர். விளையாட்டில் நிலை வேறு. அங்கு ஆடுபவரின் கை ராணியின் கையாக ஒருபொழுதும் ஆவதில்லை.

குறை இதனினும் ஆழமானது. கதையின் முற்பகுதியில் ஆடுபவர் சுட்டு வீழ்த்தும் மாந்தர் பெரும்பாலும் கிளர்ச்சியாளர்; அதாவது ராணியின் ஆள்கள். ஒயிட்சேப்பல் தெருக்களிலும் வான்கப்பலிலும் அவர்களைக் குறிபார்ப்பதும் விசையை அழுத்துவதும் ஆடுபவரே. அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது எனத் தெளியும் கணமோ இடைக்காட்சியில் வருகிறது. ஆடுபவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கலாம். கொன்றது கை, வருந்துவது கண். அதன்பின் நிகழும் சண்டைகளில் எதிரியின் உடை மாறிக் கம்பெனிக் காவலரின் உடையாகிறது. கையின் செயலில் மாற்றமில்லை. முன்னர்ச் சுடப்பட்டோர் பற்றி ராணியும் வினவுவதில்லை. கலஹாடும் விடை கூறுவதில்லை.

கலஹாட் ஏமாற்றப்பட்டவன், அவனோடு ஆடுபவரும் ஏமாற வேண்டுமென்பதே நோக்கம் என இதற்கு அமைதி கூறலாம். அமைதி பொருந்துவதே. ஆயின், ஏமாற்றம் வெளிப்பட்ட பின் அது செய்த கையிடமே திரும்பி வருதல் வேண்டும். ஜெர்மனியின் யாகர் நிறுவனம் உருவாக்கி 2012இல் வெளிவந்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ இதனைச் செய்து காட்டியது. அதில் தொலைவிலிருந்து வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை வீசும் ஆடுபவர்க்கு எதிரிகள் திரையில் புள்ளிகளாகவே தெரிவர். வீசி முடித்ததும் எரிந்துபோனோர் நடுவே அவரே நடந்து செல்ல வேண்டும். எரிந்தோருள் பொதுமக்களும் இருப்பர். அங்கும் இடைக்காட்சி உண்டு. ஆனால் அதற்கு முன்னுள்ள நடை ஆடுபவருடையது.

திரைப்படத் தன்மை வேண்டுமா வேண்டாவா என்று இருபது திங்கள் நிகழ்ந்த வாதம் இவ்விடத்தைத் தொடவேயில்லை. கருப்புப் பட்டையின் உயரத்தை அளந்தோர் அப்பட்டைகளுக்கு நடுவே நின்றவர் யாரென்று நோக்கவில்லை. காலனிய வரலாற்றைப் பேரரசின் எதிர்ப்புறத்திலிருந்து தொட முயன்ற பெருஞ்செலவு விளையாட்டுகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று எத்தனை மணி என்னும் கணக்கினால் மதிப்பிடப்பட்டு ஒதுக்கப்பட்டதும், அம்முயற்சி தன் வடிவத்தாலேயே பாதியில் நின்றதும் ஒருங்கே நிகழ்ந்தன.

விளையாட்டின் முடிவில் ஹேஸ்டிங்ஸ் தண்டனை பெறவில்லை. கலஹாட் தன் பழைய தோழன் லூகனுக்கு எதிரே துப்பாக்கியுடன் நிற்கிறான், திரை இருள்கிறது, வெடியோசை கேட்கிறது. எஞ்சியது அடுத்த பாகத்திற்கென விடப்பட்டது. அடுத்த பாகம் வரவில்லை. ‘ரெடி அட் டான்’ நிறுவனத்தை 2020இல் பேஸ்புக் வாங்கியது. மெட்டா எனப் பெயர் மாறிய அதே நிறுவனம் 2024 ஆகஸ்டில் அதனை மூடியது. வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்குக்கு ஏழாண்டுகளில் ஒரு தீர்ப்பேனும் கிடைத்தது. இந்த ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கோ விசாரணைக்கே வராமல், ராணி லண்டனில் காத்திருக்க, முடிந்துபோயிற்று.