கஞ்சி காய்ச்சும் ஆட்டம்

பல்லாங்குழிப் பலகை வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் குழிக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். அடி வட்டமாக இருக்க வேண்டும். வழித்து எடுக்கும்போது ஒரு காய்கூட மூலையில் சிக்கக் கூடாது. பித்தளைப் பலகை கண்ணுக்கு அழகு, ஆனால் சோழி விழும் சத்தம் அதில் காதைக் குத்தும். மரப்பலகையில் அதே சோழி ‘டொக்’கென்று அடங்கி விழும். மீன் வடிவில், நடுவே கீல் வைத்து மடக்குகிற எங்கள் வீட்டுப் பலகை என் மாமியாரின் சீரோடு வந்தது. எத்தனையோ கைகள் பட்டுக் குழி விளிம்பெல்லாம் மழமழவென்று ஆகிவிட்டது. இப்போது அதில் என்னோடு ஆடுகிறவள் ஆறு வயதுப் பேத்தி.

காய்க்குப் புளியங்கொட்டையே போதும். சோழி இன்னும் நல்லது, சின்ன விரலுக்குப் பிடி கிடைக்கும். குன்றிமணியின் சிவப்பில் மயங்கி அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்; கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். எதையும் வாயில் போடுகிற வயதில் எந்தக் காயும் வேண்டாம், கொஞ்சம் பொறுக்கலாம்.

வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து காய், ஆக 70. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு கை மாறும். இரண்டு குழி சேர்ந்தாற்போல் காலி என்றால் ஒன்றும் கிடையாது. ஊருக்கு ஊர் இது மாறும். குழிக்கு ஆறு, பன்னிரண்டு என்று போடுகிறவர்களும் உண்டு.

இந்த ஆட்டத்தில் நான் மிகவும் ரசிப்பது பசு. ஆடும்போது எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது பசு; எந்தப் பக்கத்துக் குழியோ அந்தப் பக்கத்தாருக்குச் சொந்தம், போட்டது எதிராளியின் கையாக இருந்தாலும். உடனே எடுத்துவிட வேண்டும். விட்டால் அடுத்த சுற்றில் ஐந்தாகிக் கைநழுவிப் போகும். சின்னப் பிள்ளைகளோடு ஆடும் பல ஆட்டங்களில் பெரிய தொல்லை காத்திருப்புதான். தன் முறை வருவதற்குள் பிள்ளை எழுந்து ஓடிவிடும். இங்கே ஓட முடியாது. நான் ஆடும்போதுதான் அவளுடைய கண் தன் ஏழு குழிகளையும் இன்னும் கூர்ந்து பார்க்கிறது. மூன்று காய் இருக்கும் குழியைச் சினைப்பசு என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். நான்கு என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

ஒரு நாள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தாள். நிரப்புவதும், ஆடுவதும், கலைத்து மறுபடி நிரப்புவதுமாக அரைமணி நேரம் போயிருக்கும். “ஆச்சி, முதல் ஆட்டத்துல எந்தக் குழிய எடுத்தாலும் ஏழுதான் கெடைக்குது!” என்றாள். நான் நம்பவில்லை. இத்தனை வருஷம் ஆடியும் எனக்குத் தெரியாத சங்கதி. உட்கார்ந்து இருவரும் ஒவ்வொரு குழியாக ஆடிப் பார்த்தோம். ஐந்து முறை அள்ளி, ஆறாவதாக வெறுங்குழியைத் துடைத்தால் அடுத்த குழியில் ஏழு. எல்லாக் குழிக்கும் அதேதான். வட்டமாகச் சுற்றுகிற ஆட்டத்தில் எல்லாக் குழியும் ஒன்றுபோலத்தானே நிரம்பியிருக்கிறது, வேறு எப்படி வரும் என்று பிறகு புரிந்தது. அவள் அதைக் கையால் கண்டுபிடித்தாள்.

பரமபதம் போன்ற எண் கட்ட ஆட்டங்களின் பலன் வேறு மாதிரி. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏழைக் குடும்பத்து மழலையரோடு, ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண்ணிட்ட கட்டப்பலகையில், சில வாரத்துக்குள் கால்மணி நேரமாக நான்கே முறை ஆடினார்கள். பிள்ளைகளின் எண்ணறிவு தெளிவாகக் கூடியது. ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்தது. எண் இல்லாமல் வண்ணம் மட்டும் தீட்டிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லியபடி காயை நகர்த்த வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். நாலில் நிற்கிற காய்க்கு இரண்டு விழுந்தால் ‘ஒண்ணு, ரெண்டு’ அல்ல, ‘அஞ்சு, ஆறு’. வைகுண்ட ஏகாதசி இரவில் பாட்டிமார் கண்விழித்து ஆடிய பரமபதத்தையும் இப்படிச் சொல்லி ஆடலாம்.

ஆனால் தோற்பதைப் பழக்குவதில் பல்லாங்குழிக்கு ஈடு இல்லை. பரமபதத்தில் பாம்பு ஒரே கடியில் கீழே தள்ளிவிடும். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். பல்லாங்குழியில் தோல்வி படிப்படியாக வருகிறது. முதல் ஆட்டம் முடிந்து அவளிடம் 30 காய் இருந்தால் ஆறு குழிதான் நிரம்பும். ஏழாவதன்மேல் ஓர் ஈர்க்குச்சியை வைத்து மூடிவிடுவோம். மூடிய குழியோடு ஆடலாம், ஜெயித்துத் திறக்கவும் செய்யலாம். இறங்கி இறங்கி ஒரு குழிக்குக்கூட ஐந்து இல்லாமல் நான்கே காய் மிஞ்சினால், அதற்கும் வழி இருக்கிறது: குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடலாம். அதற்குப் பெயர் கஞ்சி காய்ச்சுதல். இருக்கிற நாலு அரிசியை நீர்விட்டுப் பெருக்கி அந்த வேளையை ஓட்டிய வீடுகள்தான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

அதனால் நான் அவளுக்காக வேண்டுமென்றே தோற்பதில்லை. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அது அவர்களை அவமதிப்பதும்கூட. வேண்டுமானால் ஆரம்பத்திலேயே அவள் கண்முன்னே ஐந்து காய் கூடுதலாகக் கொடுத்துவிடலாம்.

நேற்று இரவு கஞ்சி காய்ச்சும் நிலைக்கு வந்துவிட்டாள். நான்கு காயையும் உள்ளங்கையில் உருட்டியபடி, எந்தக் குழிகளில் போடுவது என்று வெகுநேரம் யோசித்தாள். தூக்கம் கண்ணை இழுத்தது. “அப்படியே இருக்கட்டும் ஆச்சி, கலைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். காலையில் நான் எழுந்து வரும்போது, பல்கூட விளக்காமல் பலகை முன்னால் குந்தியிருந்தாள். மூன்று காய் போட்டாகிவிட்டது; ஒன்று மட்டும் இன்னும் கையில்.