இரு வழிகளும் ஒரு பெருமூச்சும்

அமெரிக்கப் புலவர் இராபர்ட் பிராஸ்ட் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செல்லாத வழி' என்னும் பாட்டைத் துணிவின் புகழுரையாகவே பலரும் கொள்கின்றனர். பிறர் நடவாத வழியில் நடந்து ஒருவன் உயர்ந்தான் என்பதே அவர்கள் காணும் பொருள். நாம் அதனை ஒப்புவதற்கில்லை. தலைப்புக் குறிப்பது அவன் நடந்த வழியையன்று, விட்ட வழியை.

காட்டிற் பிரியும் இரு வழிகள் வாழ்க்கையில் நாம் செய்யும் தெரிவுக்கு உருவகம். நெறி, ஆறு என்னும் சொற்கள் நடக்கும் பாதையையும் ஒழுகும் முறையையும் ஒருங்கே உணர்த்துவதால், தமிழர்க்கு இவ்வுருவகம் புதிதன்று. ஆயினும், இரு வழிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்தவை, அன்று காலை இரண்டிலும் இலைகள் மிதிபடாமற் கிடந்தன என்று புலவரே கூறிவிடுகிறார். எனவே வேற்றுமை வழியில் இல்லை. பிற்காலத்தில் பெருமூச்செறிந்து அவன் சொல்லப்போகும் கதையிலேயே பிறக்கிறது. அம்மூச்சு மகிழ்ச்சியதோ வருத்தத்ததோ என்பதையும் புலவர் வெளிப்படுத்தவில்லை.

எவ்வழிச் சென்றாலும் மற்றதை எண்ணி ஏங்கும் தம் ஆங்கில நண்பர் எட்வர்ட் தாமசை நகையாடவே பிராஸ்ட் இதனைப் பாடினார். தாமஸ் அவ்வாண்டே படையிற் சேர்ந்து, 1917-இல் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார்.

தெரிந்தவன் தானே என்பதை மறந்து, வழியின்மேற் புகழையோ பழியையோ ஏற்றுவது மாந்தர் வழக்கம். தலைவிதி என்பதும் இங்ஙனம் பின்னர்க் கட்டிய கதையேயன்றோ?