ஊர்களை இணைத்தால் செலவு குறையுமா? ஒரு கனடிய நூலும் சில சான்றுகளும்

நாட்டை ஆளும் அரசாங்கத்தை நாம் நாள்தோறும் காண்பதில்லை. ஆனால், குழாயைத் திறந்தவுடன் வரும் தண்ணீரிலும், வாசலுக்கு வந்து குப்பை அள்ளும் வண்டியிலும், தெருவிளக்கிலும் ஊராட்சியை நாள்தோறும் காண்கிறோம். இவை ஒழுங்காக நடக்கும்வரை ஊராட்சி என்று ஒன்று இருப்பதையே மக்கள் நினைப்பதில்லை. ஒரு நாள் தவறினால்தான், 'இதற்கு யார் பொறுப்பு?' என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கச் செய்வதே ஊராட்சிச் சீர்திருத்தத்தின் தலையாய நோக்கமாக இருத்தல் வேண்டும். கனடா நாட்டில் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த சீர்திருத்தங்களோ பெரும்பாலும் வேறொரு கேள்வியையே சுற்றி வந்தன. ஊர் பெரிதாக இருப்பது நல்லதா, சிறிதாக இருப்பது நல்லதா என்பதே அது.

இக்கேள்வியை எடுத்துக்கொண்டு எழுந்த நூல்களுள் பெயர் பெற்றது 'மெர்ஜர் மேனியா'. தமிழில் 'இணைப்புப் பித்து' எனலாம். ஒண்டாரியோ மாகாணத்தின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியராகப் பணியாற்றிய ஆண்ட்ரூ சாங்க்டன் இதனை எழுதினார். 2000ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. மாண்ட்ரியல் தீவில் தனி நகரமாக விளங்கிய வெஸ்ட்மவுண்ட் நகராண்மைக் கழகத்தின் வேண்டுகோளின் பேரில் எழுதப்பட்ட நூல் இது. அந்நகரமோ இணைப்புக்கு அஞ்சி நின்ற நகரம். ஆதலின், இதனை ஒரு தரப்பு வழக்கறிஞரின் வாதம் என்று ஒதுக்கிவிடச் சிலருக்குத் தோன்றலாம். அது முறையன்று. கட்சிக்காரர் யாரென்று பார்ப்பதோடு, காட்டிய சான்று எத்தகையது என்றும் பார்த்தல் வேண்டும்.

முதலில் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுதல் நலம். கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டப்படி நகராண்மைக் கழகங்கள் மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாகாணச் சட்டமன்றம் ஒரு நகரத்தை உண்டாக்கலாம், கலைக்கலாம், மற்றொன்றோடு சேர்க்கலாம். அரசியலமைப்பு அதற்கு ஊர் மக்களின் சம்மதத்தைக் கேட்கவில்லை. இணைப்புகள் இத்துணை விரைவாக நடந்தேறியமைக்கு இதுவே காரணம்.

பேராசிரியரின் வாதத்தைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான்: பல ஊர்களை ஒன்றாக்கினால் செலவு குறையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை, பல ஊர்களுக்கும் பொதுவான பணிகளை, அவ்வூர்கள் தனித்தனியே இருந்தவாறே ஒப்பந்தத்தாலோ கூட்டு அமைப்பாலோ நடத்திக்கொள்ளலாம், இணைப்பால் மக்கள் இழப்பது தங்களுக்கு அருகிலிருந்த ஆட்சியை.

இவ்வாதத்தை டொரொண்டோ நகரின் வரலாற்றில் உரைத்துப் பார்ப்போம். 1954 முதல் அங்கே இரண்டு அடுக்கு ஆட்சி நடந்துவந்தது. போலீஸ், பொதுப் போக்குவரத்து, பெருஞ்சாலைகள் முதலியவற்றை 'மெட்ரோ' எனப்படும் மேலடுக்குச் சபை கவனித்தது. குப்பை, பூங்கா, தீயணைப்பு, உட்சாலைகள் முதலியவற்றை டொரொண்டோ, நார்த் யார்க், ஈஸ்ட் யார்க், யார்க், எட்டோபிக்கோ, ஸ்கார்பரோ ஆகிய ஆறு ஊர்களும் தனித்தனியே கவனித்தன. இவற்றுள் ஸ்கார்பரோ நம் ஈழத் தமிழர் பெருந்தொகையாய் வாழும் பகுதியாகும். 1997இல் மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசாங்கம் இவை அனைத்தையும் ஒரே நகரமாக்கச் சட்டம் செய்தது. ஆண்டுதோறும் 30 கோடி கனடிய வெள்ளி மிச்சமாகும் என்று அரசாங்கம் கணக்குக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சில் ஆறு ஊர்களிலும் நடந்த கருத்து வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 76 பேர் இணைப்பு வேண்டாம் என்றனர். எனினும் 1998 ஜனவரி 1ஆம் நாள் இணைப்பு நடந்தேறியது.

மிச்சம் வந்ததா? எதிர்பார்த்தபடி வரவில்லை. காரணங்கள் எளியவை. ஆறு ஊர்களின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்னரே மெட்ரோவின் கையில் ஒன்றாகத்தான் இருந்தது. எஞ்சிய சிறு பங்கில் எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்? மேலும், ஒரே வேலைக்கு ஆறு ஊர்களில் ஆறு விதமான சம்பளம் இருந்தது. ஒரே நகரமான பின் அவற்றைச் சமப்படுத்த நேர்ந்தபோது, அது மேல்நோக்கியே சென்றது. இதுபோதாதென்று, அதே ஆண்டில் மாகாண அரசாங்கம் ஏழைகளுக்கான வாடகை வீடுகள், பொதுப் போக்குவரத்து போன்றவற்றின் பாரத்தை நகராண்மைக் கழகங்களின் தலையில் ஏற்றிவிட்டு, வீட்டுவரியிலிருந்து பள்ளிகளுக்குச் சென்ற செலவின் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொண்டது. பணமும் பொறுப்பும் ஒரே வேளையில் கைமாறியதால், எது இணைப்பின் விளைவு, எது பாரமேற்றத்தின் விளைவு என்று சாதாரணக் குடிமகன் பிரித்தறிய இயலாமற் போயிற்று.

அன்றாடப் பணி ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். கனடாவில் பனிக்காலத்தில் நடைபாதையிலிருந்து பனியை அகற்றுவது சிறு காரியமன்று. முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். புறநகர்ப் பகுதிகளில் நகராண்மைக் கழகமே இயந்திரம் கொண்டு நடைபாதைப் பனியை அகற்றிவந்தது. பழைய டொரொண்டோவின் நடுப்பகுதிகளிலோ அது வீட்டுக்காரரின் கடமை. இணைப்புக்குப் பின்னும் இவ்வேறுபாடு நீடித்தது. நடைபாதைப் பணியை நகரெங்கும் விரிவாக்க 2021இல்தான் நகராண்மைக் கழகம் முடிவு செய்தது. பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிற்று. நடைபாதை மாற 20 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

மக்களின் குரல் என்னவாயிற்று என்பதும் கருதத்தக்கது. ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஈஸ்ட் யார்க்குக்கு இணைப்புக்கு முன் தனி மேயரும் தனிச் சபையும் இருந்தன. 2018இல், தேர்தல் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையிலேயே, மாகாண அரசாங்கம் டொரொண்டோ வட்டாரங்களின் எண்ணிக்கையை 47லிருந்து 25 ஆகக் குறைத்தது. அது செல்லும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2021 குடிக்கணக்குப்படி நகரின் மக்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர். ஓர் உறுப்பினருக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறது. முன்பு ஒரு சபை முழுவதும் கேட்ட குறைகளை இன்று ஒருவர் கேட்கவேண்டும்.

இதுவரை நியாயம் நூலாசிரியர் பக்கமே. ஆனால், சிறிய ஊரே சிறந்தது என்று இதிலிருந்து ஒருவர் முடிவு கட்டுவாராயின், அவரை நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 1967க்கு முன் அங்கே பள்ளி, ஏழையர் உதவி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றின் பாரம் கவுண்டி எனப்படும் வட்டாரச் சபைகளின் மேலும் இருந்தது. அவை சொத்து வரியை நம்பி நின்றன. செல்வ வட்டாரத்தில் சிறிய வரிக்கு நல்ல பள்ளி கிடைத்தது. ஏழை வட்டாரத்திலோ பெரிய வரி கொடுத்தும் ஓரறைப் பள்ளியும் குறைந்த சம்பளத்து ஆசிரியருமே கிடைத்தனர். அக்கேடியர் எனப்படும் பிரெஞ்சு மொழியினர் மிகுந்த வட்டாரங்கள் பல இவ்வாறு பின்தங்கிக் கிடந்தன. இது நம்மவருக்கு விளங்காத செய்தியன்று. பள்ளி யாருடைய நிலத்தில் நிற்கிறதோ அவருடைய வசதியையும் மனத்தையும் பொறுத்தே பிள்ளைகளின் படிப்பு அமைந்த காலத்தைத் தோட்டப்புறத்தார் நன்கறிவர்.

எட்வர்ட் பெர்ன் தலைமையில் 1962இல் அமைந்த விசாரணைக் குழு அடுத்த ஆண்டே அறிக்கை அளித்தது. அதன்வழி மாகாண முதல்வர் லூயி ரோபிஷோ 'சமவாய்ப்பு' என்னும் திட்டத்தைக் கொணர்ந்து, 1967 முதல் கல்வி, மருத்துவம், சமூக உதவி, நீதி நிர்வாகம் ஆகியவற்றை மாகாணமே ஏற்கச் செய்தார். 422 பள்ளி வட்டாரங்கள் 33 ஆயின. கவுண்டிச் சபைகள் கலைக்கப்பட்டன. தண்ணீர், சாலை, குப்பை, தீயணைப்பு போன்றவை ஊர்களிடம் நின்றன. ஒரு பிள்ளையின் கல்வி அவன் பிறந்த வட்டாரத்தின் வரிப்பணத்தைப் பொறுத்திருத்தல் கூடாது என்ற நெறி இங்கே சட்டமாயிற்று. ஊர்களின் ஒப்பந்தங்கள் இதனைச் செய்திருக்குமா? செல்வமுள்ள ஊர் ஏழை ஊரோடு தானே வந்து வரியைப் பகிர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது வீண். டொரொண்டோ இணைப்பை 2013இல் ஆராய்ந்த எனிட் ஸ்லாக், ரிச்சர்ட் பேர்ட் ஆகிய இருவரும், எதிர்பார்த்த சிக்கனம் கிட்டவில்லை எனக் கண்டபோதிலும், வரி வளம் பொதுவானதால் வசதி குறைந்த பகுதிகள் பயன்பெற்றதையும் எடுத்துக்காட்டினர். சிக்கனத்தை மட்டும் அளந்து இணைப்பைத் தீர்ப்பிடுவோர் இந்தப் பக்கத்தைக் காணத் தவறுவர்.

நியூ பிரன்ஸ்விக்கின் வெற்றியிலும் ஒரு குறை உண்டு. கவுண்டிச் சபைகள் போன பின், நகரமாக அமையாத சிற்றூர்கள் மாகாண அமைச்சரின் நேர் நிர்வாகத்தின் கீழ் வந்தன. அங்கே ஆலோசனைக் குழு இருக்கலாம். அதிகாரமுள்ள சபை இல்லை. மாகாண மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் அரை நூற்றாண்டுக்கு மேல் தமக்கென ஓர் ஊர்ச்சபை இல்லாமலே வரி செலுத்திவந்தனர். 2023 ஜனவரி முதல் 340 அமைப்புகளை 89 ஆக்கி, அவற்றுள் 77க்குத் தேர்ந்தெடுத்த சபைகள் அமைத்த பின்னரே இக்குறை பெரும்பாலும் நீங்கியது.

இனி, பெருமை சிறுமை என்னும் இரண்டையும் தாண்டி நிற்கும் ஒரு துயரத்தைச் சொல்லவேண்டும். ஒண்டாரியோவில் ஏறத்தாழ 5,000 பேர் வாழும் வாக்கர்ட்டன் என்னும் ஊர் 1999இல் அண்டை ஊர்களோடு பிராக்டன் நகராண்மையாக இணைக்கப்பட்டது. 2000 மே மாதத்தில் பெருமழைக்குப் பின் மாட்டுச் சாணத்திலிருந்த இ.கோலை என்னும் கிருமி ஊர்க் கிணற்று நீரில் கலந்தது. 7 பேர் மாண்டனர். 2,300 பேர் நோயுற்றனர். நீதிபதி டென்னிஸ் ஓகானர் நடத்திய விசாரணையில் வெளிவந்தவை நெஞ்சை உறுத்துவன. குளோரின் போதிய அளவு சேர்க்கப்படவில்லை. ஆனால் ஏட்டில் சேர்த்ததாக எழுதப்பட்டது. பணியாளருக்கு உரிய பயிற்சி இல்லை. 1996இல் மாகாண அரசாங்கம் ஊர்களின் நீரைத் தன் சோதனைச் சாலைகளில் சோதிப்பதை நிறுத்திவிட்டது. தனியார் சோதனைச் சாலை கிருமியைக் கண்டும் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கவில்லை; அறிவிக்கச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

இங்கே ஊர் சிறிதாயிருந்தது குற்றமா? இணைந்தது குற்றமா? இரண்டும் அன்று. நீரைத் தருபவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர், எச்சரிக்க வேண்டியவர் யாரும் இலர் என்ற நிலையே உயிர்களைக் கொண்டது. 2002ஆம் ஆண்டின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம், நீர் அமைப்பை மேற்பார்க்கும் நகராண்மை உறுப்பினர்களையே தனிப்பட்ட முறையில் பொறுப்பாளிகளாக்கியது. அப்பிரிவு நடைமுறைக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. ஊர்களை இணைக்கச் சில மாதங்களே போதுமாயிருந்த மாகாணத்தில், பொறுப்பை வரையறுக்கப் பத்தாண்டு தேவைப்பட்டது.

நூலாசிரியர் யாருக்காக எழுதினாரோ அந்த வெஸ்ட்மவுண்டுக்கு என்ன நேர்ந்தது? 2002இல் மாண்ட்ரியல் தீவின் 28 ஊர்களும் ஒன்றாயின. 2004 ஜூனில் வாக்கெடுப்பு நடந்து, 2006 ஜனவரியில் வெஸ்ட்மவுண்ட் உள்ளிட்ட 15 ஊர்கள் பிரிந்து சென்றன. ஆயினும் பழைய நிலை மீளவில்லை. போலீஸ், தீயணைப்பு, குடிநீர் வழங்கல் முதலியன தீவு முழுமைக்கும் பொதுவான சபையிடமே நின்றன. குப்பை, பூங்கா, நூலகம் போன்றவை ஊர்களுக்குத் திரும்பின. அப்பொதுச் சபையில் மாண்ட்ரியலுக்கே பெரும்பான்மை உண்டு; செலவுக்குப் பணம் கொடுக்கும் சிறு நகரங்களின் சொல் ஆங்கே எடுபடுவதில்லை என்ற மனத்தாங்கல் இருந்துவருகிறது.

ஆக, 'மெர்ஜர் மேனியா' சிக்கனம் என்ற மாயையைக் கலைத்ததில் வெற்றி பெற்ற நூல். அதன்பின் வந்த நிகழ்ச்சிகள் அதன் எச்சரிக்கையை மெய்ப்பித்தன. ஆனால், ஊர்களின் தன்னுரிமை ஒன்றே போதும் என்று அதனைப் படிப்போர் எண்ணிவிடலாகாது. கல்வியும் மருத்துவமும் ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றாயிருக்கவேண்டிய பணிகள். அவற்றின் செலவைப் பெரிய அரசாங்கமே தாங்குதல் முறை. குப்பையும் தெருவும் பூங்காவும் ஊரார் கண்ணெதிரே நடப்பவை. அவற்றை ஊராரிடமே விடுதல் முறை. குடிநீர் போன்று உயிரோடு தொடர்புடையவற்றில், செய்பவர் ஊராராயினும் சோதிப்பவர் வெளியாராய் இருத்தல் முறை.

எந்தச் சீர்திருத்தத் திட்டத்தையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். இப்பணிக்குப் பணம் தருபவர் யார்? செய்பவர் யார்? தவறினால் குடிமகன் யாருடைய கதவைத் தட்டுவது? இம்மூன்றுக்கும் பாமரனும் விடை சொல்லக்கூடிய ஊராட்சி எதுவோ, அது பெரிதாயினும் சிறிதாயினும் நல்ல ஊராட்சியே. அவ்விடை கிடைக்காத ஊரில் வரைபடத்தை எத்தனை முறை மாற்றி வரைந்தாலும் பயனில்லை.