பெத்தவரே

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் மூன்று வருடம் சிப் ஆலையில் வேலை பார்த்தான். பிறகு வேலையை விட்டுவிட்டு இறையியல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தான். எபிரேயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, கோட்பாட்டு இறையியல், பிரசங்கக் கலை என்று நீளமான பாடத்திட்டம். இப்போது யோவான் நற்செய்தியைக் கிரேக்கத்தில், அகராதி துணையோடு வாசிக்கிறான். ஆனால் அவனுடைய பாட்டி ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்துப்போகிற தமிழ் வேதாகமத்தில் சங்கீதங்களை வாசிக்கச் சொன்னால் திக்குகிறான். தேக்கா உணவங்காடியில் வைத்து என்னிடம், "தேவரீர்னா என்னடா, தேவரா?" என்று கேட்டான். நான் கிறிஸ்தவன்கூட இல்லை. திருவாசகம் ஒலித்த வீட்டில் வளர்ந்தவன்.

அவனைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் வளர்ந்த எங்களில் பலருக்கு நிலைமை இதுதான். சிந்திக்க ஆங்கிலம், சாமி கும்பிடத் தமிழ். அவன் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் இரண்டு தமிழ் இறையியலாளர்களைப் படிக்க நேர்ந்தது. ஒருவர் ஏ.ஜே. அப்பாசாமி (1891–1975), இன்னொருவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). எங்கள் வாசிப்பு வட்டத்தில் விசாரித்தபோது இருவர் பெயரையும் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கிறிஸ்தவமும் தமிழும் என்றால் நமக்குச் சட்டென்று வருபவர்கள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப். மூன்று பேருமே ஐரோப்பியர்கள். அவர்களையும் அகராதிக்காகவும் ஒப்பிலக்கணத்துக்காகவும் திருவாசக மொழிபெயர்ப்புக்காகவும்தான் கொண்டாடுகிறோம். கடவுளைப் பற்றி அவர்கள் என்ன யோசித்தார்கள் என்பது நமக்கு வேண்டாத சமாச்சாரம். அப்படியிருக்க, கடவுளைப் பற்றி யோசிப்பதையே தொழிலாகக் கொண்ட தமிழர்களை நாம் எதற்குப் படிக்கப் போகிறோம்?

இறையியல் ஒரு கல்லூரிப் படிப்பாக இருப்பதே நம்மில் பலருக்கு வினோதமாகப்படும். சிங்கப்பூரின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இறையியல் துறை கிடையாது. அது சபைகள் நடத்தும் கல்லூரிகளின் வேலை. ஜப்பானியர் காலத்தில் சாங்கியில் சிறைப்பட்டிருந்த மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் தலைவர்கள் அங்கே பேசிக்கொண்ட ஒரு யோசனைதான் 1948இல் டிரினிட்டி இறையியல் கல்லூரியாக ஆனது. 2001இல் அப்பர் புக்கிட் தீமா சாலைக்குப் போகும்வரை அது மவுண்ட் சோபியாவில் இருந்தது. பழைய சிற்றாலயம் இன்னும் அங்கே நிற்கிறது. மனிதரைக் குறிக்கும் சீன எழுத்தை நினைவூட்டும்படி அதன் கூரையை அமைத்திருக்கிறார்கள். அந்தக் குன்றிலிருந்து கொஞ்சம் இறங்கி நடந்தால் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம். ஓஃபிர் சாலைப் பக்கம் போனால், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் கட்டிய லூர்து மாதா ஆலயம். இவற்றுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் அந்தக் கூரை என்னை உறுத்தும். ஒரு மொழியின் எழுத்து, இறையியல் கற்கும் இடத்தின் கூரையாகவே ஆகமுடிந்திருக்கிறது. நம் மொழி பாட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் தந்தவர் டென்மார்க் அரசர். அந்த உரிமையின் பலத்தில்தான் தென்னிந்தியாவின் பல புராட்டஸ்டண்ட் போதகர்கள் இன்றுவரை பி.டி., எம்.டிஹெச். என்று பட்டம் வாங்குகிறார்கள். அதற்கும் நூறு வருடம் முன்னால், 1706இல், அதே டென்மார்க்கின் கொடி பறந்த தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் தமிழ்ச் சுவடிகளை வெறிபிடித்துச் சேகரித்தார். இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் போட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஜெர்மனியில் இருந்தவர்கள் அச்சேற்றவில்லை. அது 1867 வரை காத்திருந்தது. தமிழைக் கற்றுக்கொண்டது சரி, தமிழிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டு திரும்பிவிடக் கூடாது என்ற பயம் அன்றே ஆரம்பித்துவிட்டது.

அப்பாசாமி அந்தப் பயமே இல்லாதவர். பாளையங்கோட்டையில் பிறந்தவர், சைவ வீட்டிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவரின் மகன். 1922இல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு இந்து பக்தி இலக்கியத்தின் அனுபூதியும் யோவான் நற்செய்தியின் அனுபூதியும். அந்தக் காலத்தில் படித்த இந்தியக் கிறிஸ்தவர்கள் பலர் அத்வைதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த இந்து சிந்தனை என்றால் அதுதான் என்று ஐரோப்பியர்கள் சொல்லியிருந்ததும் ஒரு காரணம். அப்பாசாமி அதைத் தள்ளிவைத்துவிட்டு ராமானுஜரிடமும் மாணிக்கவாசகரிடமும் போனார். தானும் தந்தையும் ஒன்று என்று யோவானின் இயேசு சொல்லுமிடம் இருக்கிறதே, அது இருவரும் ஒரே பொருள் என்பதல்ல, அன்பாலும் சித்தத்தாலும் ஒன்றுபட்டிருப்பது என்று வாசித்தார். உயிருக்குள் இருந்து இயக்குபவன் இறைவன் என்ற விசிஷ்டாத்வைதக் கருத்தை வைத்து நற்செய்தியைத் திறந்தார். பக்தி மார்க்கமாகக் கிறிஸ்தவத்தைப் பேசிய அவருடைய நூல் வந்தது 1920களின் இறுதியில். பின்னால் 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயர் ஆனார்.

அவரைப் படிக்கும்போது எனக்கு ஒரு பெரிய மகிழ்ச்சியும் ஒரு பெரிய எரிச்சலும் சேர்ந்தே வந்தன. திருவாசகத்தை மதம் மாற்றும் கருவியாகவோ முறியடிக்க வேண்டிய எதிரியாகவோ பார்க்காமல், கடவுளைப் பற்றிய அறிவின் ஒரு மூலமாகவே ஒரு கிறிஸ்தவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மகிழ்ச்சி அதில். எரிச்சல் மொழியில். உருகுதல், கசிதல், நெகிழ்தல் மூன்றும் மூன்று காரியங்கள். மெழுகு உருகும், பாறை கசியும், கட்டு நெகிழும். மாணிக்கவாசகரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆங்கில ஆய்வேட்டுக்குள் போனதும் மூன்றும் 'பக்தி உணர்ச்சி' என்ற ஒரே டப்பாவுக்குள் அடங்கிவிடுகின்றன. கவிதை அங்கே மேற்கோளாக வருகிறது, சாட்சி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறது. வாதத்தைத் திசைதிருப்பும் உரிமை அதற்கு இல்லை. தேர்வாளர் தமிழ் தெரியாதவராக இருக்கும்போது வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தத் தேர்வாளர்தான் இன்றைக்கும் நம் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு குறை மொழியைவிடப் பெரியது. அப்பாசாமியின் பக்தருக்குச் சாதி இல்லை. அதாவது, சாதி இல்லாதவர்போல எழுதப்பட்டிருக்கிறார். கோயிலுக்கு உள்ளே நின்று உருகுகிறவரின் பாட்டு இருக்கிறது. வெளியே நிறுத்தப்பட்டவரின் சத்தம் இல்லை. 1980களில் தலித் இறையியல் எழுந்தபோது முதலில் கேட்டது இதைத்தான். இந்தியச் சபைகளில் பெரும்பகுதி தலித் மக்களாக இருக்கும்போது, இந்திய கிறிஸ்தவ இறையியல் ஏன் இன்னமும் வேதாந்தத்தோடும் ஆகமத்தோடும் மட்டும் உரையாடிக்கொண்டிருக்கிறது?

அப்பாவு அந்த அலையில் வந்தவர். மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், 'பரட்டை' என்ற பெயரில் பாட்டு கட்டியவர். நான் அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு ஆங்கிலப் புத்தகம் வழியாக. ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு. (தமிழ் இறையியலாளரைத் தெரிந்துகொள்ள இண்டியானா போய்வர வேண்டியிருக்கிறது. என்ன செய்ய?) தமிழ்ப் புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் ஐரோப்பியப் பாமாலை ஒரு பக்கம், கர்நாடக சாயல் கொண்ட கீர்த்தனை இன்னொரு பக்கம். இரண்டுமே கிராமத்துத் தலித் கிறிஸ்தவரின் வாய்க்குப் பழக்கமில்லாதவை என்பது அப்பாவுவின் வாதம். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் ஒரு முழு வழிபாட்டு முறையையே அவர் இயற்றினார். நாட்டுப்புறப் பாட்டை அவர் தேர்ந்தெடுத்ததற்கு அது எளிமையானது என்பது மட்டும் காரணமல்ல. பாடுகிறவர் அதை மாற்றிக்கொள்ளலாம், ஒரு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றைச் செருகலாம். ஆக, இறையியலைத் திருத்தும் உரிமை பாடுகிறவரின் கைக்குப் போகிறது. பேராசிரியரின் சிவப்பு மை அங்கே எட்டாது.

அவர் பரமண்டல ஜெபத்தைப் பாட்டாக்கியபோது 'பிதா' இருந்த இடத்தில் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில்தான் நான் பல நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

தமிழ்க் கிறிஸ்தவத்தில் கடவுளை எப்படிக் கூப்பிடுவது என்பது நூற்றாண்டுகளாக நடக்கிற சண்டை. தெ நொபிலிக்குச் சர்வேசுரன். பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பில் பராபரன். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் தேவன். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கூட்டம் கோபப்பட்டிருக்கிறது. நண்பனின் பாட்டி இன்றைக்கும் 'கடவுள்' பைபிளைத் தொடமாட்டார், "அது கதைப் பொஸ்தகம் மாதிரி இருக்கு" என்பார். ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாமே உயரத்தில் இருப்பவரின் பெயர்கள். பெத்தவர் அப்படியில்லை, வீட்டுக்குள் இருப்பவர்.

மேற்கில் மேரி டேலி 1973இல் கடவுளைத் தந்தை என்று அழைப்பதைத் தாண்டிப் போகச் சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கப்புறம் ஆங்கில இறையியலில் கடவுளுக்கு என்ன பிரதிப்பெயர் போடுவது என்று பல பத்தாண்டு விவாதம். நண்பனுக்கு அதில் கட்டுரை எழுதும் பாடமே இருந்தது. தமிழில் 'அவர்' என்று ஒன்று இருக்கிறது, இலக்கணப்படி அதற்குப் பால் கிடையாது என்று நான் சொன்னபோது, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டான். "இத ஏன்டா யாரும் சொல்லல?" என்றான்.

ஆனால் அவசரப்பட்டுத் தமிழைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டாம். எழுத்தில் 'அவர்' பொது. பேச்சில் அப்படி இல்லை. நாம் வாயால் 'அவரு' என்று சொன்னால் பெரும்பாலும் ஆண்தான். மரியாதைக்குரிய பெண் 'அவங்க'. ஆக, அப்பாவுவின் பேச்சுத் தமிழில் 'பெத்தவரே' என்ற சொல்லின் வால் ஆண் பக்கம் சாய்கிறது. வேர் எங்கே இருக்கிறது? பெறுதலில். பிள்ளை பெறும் வலியில். 'பெத்த வயிறு' என்றால் நாம் யாரை நினைக்கிறோம்? அந்தச் சொல்லுக்குள்ளேயே தாயும் தகப்பனும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். 'தாயும் தந்தையுமானவரே' என்று அடுக்கிச் சொல்லியிருந்தால் இந்த இழுப்பு வந்திருக்காது, அது ஒரு தீர்மானம் மாதிரி இருந்திருக்கும். 'பெற்றவரே' என்று எழுத்துத் தமிழில் திருத்தினாலும் செத்துப்போகும், வீட்டு வாசனை போய்விடும். இது மொழிபெயர்ப்புத் தேர்வு மட்டுமல்ல, ஒரு இறையியல் முடிவு. தமிழில் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு. இதை ஆங்கிலத்தில் எழுதி நிரூபிக்க முடியாது, எழுதினால் அடிக்குறிப்பு ஆகிவிடும். அப்பாசாமி அவ்வளவு படித்தும் போய்ச் சேராத இடத்துக்கு அப்பாவு ஒரே விளியில் போய்விட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக அப்பாவுவின் எல்லாவற்றையும் ஏற்க முடியவில்லை. கீர்த்தனை மரபை அவர் கிட்டத்தட்ட முழுக்கவே மேல்சாதிச் சொத்தாகப் பார்க்கிறார். வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களைப் பாடிப்பாடி, படிப்பில்லாத எத்தனையோ பெண்கள் வேதத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்களும் பாட்டைத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டவர்கள்தானே? மெட்டின் சாதியைப் பார்த்த அளவுக்கு வாயின் சாதுரியத்தை அவர் பார்க்கவில்லை. அப்புறம், போராட்டத்துக்காகக் கட்டும் பாட்டுக்கு எப்போதும் உள்ள ஒரு ஆபத்து: முடிவு முதலிலேயே தெரிந்திருக்கும். மாணிக்கவாசகரின் பாட்டில் அடுத்த அடியில் அவர் அழுவாரா சண்டை போடுவாரா என்று தெரியாது. கடவுளோடு பேசுகிற பாட்டுக்கு அந்தத் தெரியாமை கொஞ்சம் வேண்டும்.

அவருடைய இன்னொரு மையக் கருத்து ஒரே உலை. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவது. சேர்ந்து உண்ண மறுப்பதில்தான் சாதி உயிரோடிருக்கிறது என்பதால், நற்கருணையின் உண்மையான பொருள் அந்த உலைதான் என்று அவர் எண்ணினார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதன் கூர்மை உடனே புரியும். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் இதை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி ஆகிறது. ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலில் தொழிலாளிகள் வட்டமாக உட்கார்ந்து பொட்டலச் சோறு பிரிக்கிறார்கள். வார நாட்களில் அவர்களில் பலருக்கு விடியற்காலையிலேயே ஒப்பந்தச் சமையல்காரர் கட்டி அனுப்பிய சோறு, மதியம் வேலையிடத்தில் பிரிக்கும்போது ஆறிப்போயிருக்கும். ஆயிரம் பேருக்கு ஒரே உலைதான். யாரும் யாரையும் தள்ளிவைக்கவில்லை. ஆனால் அந்த உலையை அவர்கள் மூட்டவில்லை, பார்த்ததும் இல்லை. மாதச் சம்பளத்தில் அதற்குப் பிடித்தம் வேறு. மண்டோர், மேற்பார்வையாளர், என்னைப் போன்ற பொறியாளர் யாரும் அதில் சாப்பிடுவதில்லை. வேலையிடத்தில் எங்களுக்குத் தனி மேசை, தனி ஆர்டர்.

அப்பாவுவின் உலை இந்த ஊருக்கு வந்தால் எந்த அடுப்பில் ஏறும் என்பதை அந்தத் திடலில் உட்கார்ந்திருப்பவர்தான் பாட்டாகத் திருத்த வேண்டும். அவருடைய தமிழ் பேச்சுத் தமிழ். இறையியல் தாள் எழுதும் மாணவரின் கைக்கு இன்னும் வராத தமிழ்.