பழவேற்காட்டில் கண்டதும் எழுதியதும்

வேங்கிக்கால் இளையோர் முன்னர் நடத்திவந்த கையெழுத்து இதழ்களுள் ஒன்று அண்மையில் மீண்டும் நம் கைக்கு வந்தது. 2009 சனவரியில் நாம் அவர்களோடு சென்ற பழவேற்காட்டுப் பயணத்தைப் பற்றிய கட்டுரையொன்று அதில் நான்கு பக்கங்களுக்கு நீள்கிறது. எழுதியவர் அப்போது கல்லூரி மாணவர், சொல்வளம் உடையவர். எனவே கட்டுரையைச் சற்றுக் கடுமையாகவே அணுகலாம் என்று எண்ணுகிறோம். வளமற்ற எழுத்தைக் குறைகூறுவதில் யாருக்கும் பயனில்லை.

செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னையைக் கடந்து பொன்னேரிக்கும் அப்பால் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் சென்றோம். தமிழகக் கடற்கரையின் வடகோடி அது. கட்டுரையின் முதல் இரு பக்கங்களும் இந்தச் சாலைக்கே செலவாகிவிடுகின்றன. வேனில் பாடிய பாடல்கள், திண்டிவனத்தில் உண்ட இட்டலி, தூங்கிவழிந்த நண்பனைக் கேலி செய்தது என எல்லாம் உண்டு. எங்குச் சென்றாலும் தன்னையே கண்டு திரும்புவது நம் பயணக் கட்டுரைகளின் பழைய நோய். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியாரிடம் இந்த நோய் இல்லை. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக நாடுநாடாக அலைந்தவர் அவர். ஆயினும் தம்மைப் பின்னே நிறுத்திக்கொண்டு, தாம் சந்தித்த மனிதரை முன்னே நிறுத்தினார். நம் மாணவர் அவரைப் படித்திருக்கவில்லை. படிக்கக் கொடுக்காத குற்றம் நம்முடையது.

போர்த்துக்கீசியர் 1515-இல் எழுப்பிய மகிமை மாதா ஆலயத்திற்குக் கட்டுரையில் ஒரு வரி. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்திற்கு அரை வரி. அது போகட்டும். நம் அக்கறை ஏரியின்மீதுதான்.

பழவேற்காடு இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதியில் மார்பளவு நீர்கூட இல்லை. அந்த ஆழமின்மையே பூநாரைகளை அங்கு வரவழைக்கிறது. கட்டுரையாளர் அவற்றைச் 'செங்கால் நாரைகள்' என்று அழைத்து, சத்திமுத்தப் புலவரின் பாடலை நினைவுகூர்கிறார். இங்கே நாம் அவரைத் தடுத்து நிறுத்தவேண்டும். பூநாரைக்கும் கால் சிவப்புத்தான். ஆனால் புலவர் தம் நாரையின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டார். பனங்கிழங்கு நேரானது. பூநாரையின் அலகோ நடுவில் ஒடிந்ததுபோல் கீழ்நோக்கி வளைந்தது. தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரைச் சலித்து, நுண்ணுயிர்களை உண்பதற்கென அமைந்தது. புலவர் பாடியது வேறொரு பறவையை. வறுமையில், குளிரில் நடுங்கியபடி, ஊரிலிருக்கும் மனைவிக்குச் சேதி சொல்ல வடக்கே செல்லும் பறவையை இரந்து நிற்கும் ஒருவனின் குரல் அப்பாடலில் ஒலிக்கிறது. அந்தப் பறவையிடம் அவனுக்குத் தேவை இருந்தது. ஆகவே அதன் அலகைச் சரியாகப் பார்த்தான். நமக்கோ பூநாரையிடம் ஒரு தேவையும் இல்லை. ஒரு புகைப்படம் போதும்.

மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொல்லுமிடத்தில், கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல் மேலோட்டமான பார்வையைக் குறிப்பதன்று. ஊன்றி நோக்குதலைக் குறிப்பது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதினோம். படகில் அது நினைவுக்கு வரவில்லை.

கட்டுரையின் உச்சம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படகு நெருங்கியதும் பறவைகள் யாவும் 'எம்மை வரவேற்கச் செம்முகிலென எழுந்தன' என்கிறார். அழகிய தொடர், ஆனால் உண்மையன்று. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழ இயலாது. நீர்மேல் பல அடிகள் ஓடியே எழவேண்டும். அதற்குப் பெரும் உழைப்பு தேவை. மேய்ச்சலை விட்டு அவை எழுந்தது அச்சத்தால். படகோட்டி அதை அறிந்தவர். தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியூன்றிச் சென்றார். பின் கழியையும் நிறுத்திக்கொண்டார். "இதுக்கு மேல போனா எழுந்திடும் சாமி" என்றார். 'இன்னும் சற்று நெருங்குங்கள்' என்று கேட்டது மாணவரல்லர், நாமே. படகிலிருந்தோர் அனைவரும் ஒரே பக்கம் சாய, படகு ஆடியது. 'அச்சம் கலந்த இன்பம்' என்று கட்டுரை அதையும் கொண்டாடுகிறது.

அந்தப் பத்தியின் ஓரத்தில் 'அருமை' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. நம் கையெழுத்து.

2011 திசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளில், அதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உல்லாசப் படகுப் பயணம் அதன்பின் தடை செய்யப்பட்டது. மாலைத் திருப்பலிக்குப்பின் அச்செய்தியைக் கேட்டபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது, நம் படகு ஆடிய அந்தக் கணம். முன்னர் இன்பமாகத் தோன்றிய அந்த வரியை இப்போது அவ்வாறு படிக்க முடியவில்லை. எழுதியவர்மீது குற்றமில்லை, அவர் எழுதுகையில் அந்த விபத்து நிகழ்ந்திருக்கவில்லை. எனினும் கழியை நிறுத்திய மனிதரின் முகத்தை அவர் பார்த்திருந்தால், அந்த வரி வேறாக அமைந்திருக்கும்.

அந்த முகம் கட்டுரையில் எங்கும் இல்லை. ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கத்தைப் பற்றி, கரை திரும்பும்வரை நமக்கு விளக்கிவந்தவர் அவர்தாம். ஆற்றுமுகம் தூர்ந்துபோனால் வலையில் என்ன குறையும் என்பதையும் சொன்னார். ஒரு நல்ல கட்டுரைக்கு வேண்டியதெல்லாம் படகின் பின்முனையில் அமர்ந்திருந்தது. நாமனைவரும் முன்முனையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டுரையின் இறுதியில் நன்றிப் பட்டியல் ஒன்று உண்டு. வேன் உரிமையாளர், உணவு வழங்கிய குடும்பத்தார், பங்குப் பணியாளராகிய நாம் என ஒன்பது பெயர்கள். படகோட்டியின் பெயர் அதில் இல்லை. இங்கே அதைச் சேர்த்துவிடலாம் என்று முயன்றோம், நமக்கும் நினைவில்லை.